ஒன்பதாம் பக்கத்தில் தொடங்கும் புத்தகம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை.
நாள் முழுக்கக் கேட்கிறேன்:
இது தெளிவா, அது தெளிவா,
இப்போது? இப்போது?
மாலை ஆறரைக்கு, அக்குளில் வெந்நீர்க் குடுவையும்
கையில் மாத்தேயுமாக,
மொந்தேவீதேயோவின் ஜூலைக் குளிரில்
புத்தகக்கடை ஜன்னல் முன் நிற்கிறேன்.
இந்த மாதத்துப் புது நாவல்கள்:
ஏழு பெண்கள்.
ஏழு பேரும் எனக்கு முதுகு காட்டிக்
கடலைப் பார்க்கிறார்கள்.
(நாங்கள் இங்கே கடல் என்று சொல்லிக்கொள்வதே
உண்மையில் ஓர் ஆறு.)
ஒருத்தியாவது திரும்பமாட்டாளா?
திரும்பினால்
சளி பிடித்த மூக்கு, முந்தாநாள் அழுத கண்.
கதை அங்கேயே தொடங்கிவிடும்.

எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு.
எழுதியவர் பெயர் தலைப்பைவிடப் பெரிதா,
தொடமாட்டேன்.
புடைத்த தங்க எழுத்தைத் தடவிப் பார்ப்பேன், வாங்கமாட்டேன்.
சினிமாவாக வந்தபின்
நடிகரின் தாடையைப் போட்டு வரும் பதிப்பு
என் வீட்டுப் படியேறியதில்லை.
'பரிசு பெற்றது' என்ற வட்டத்தை
ஒட்டியதென்று நம்பி நகத்தால் சுரண்டி
அச்சென்று தெரிந்து ஏமாந்திருக்கிறேன், மூன்று முறை.
அப்புறம் அந்த முதுகெழுத்து.
எங்கள் ஸ்பானியப் புத்தகங்களில் கீழிருந்து ஏறும்,
ஆங்கிலத்தில் மேலிருந்து இறங்கும்.
இரண்டும் கலந்த என் அலமாரி முன் நிற்பவர்கள்
இடத்தோளுக்கும் வலத்தோளுக்குமாய்த் தலையை ஆட்டுவார்கள்.
கழுத்துவலிக்கு நல்லது.

அட்டை வரையும் ஏபர் எங்கள் வாடிக்கையாளர்.
இடக்கண் மைனஸ் நாலேகால்.
சட்டத்தைப் பொருத்தும்போது கேட்டேன்:
முழுசும் படித்துவிட்டா வரைகிறீர்கள்?
சிரித்தார்.
"இரண்டு வரி அனுப்புவார்கள்.
விதவை, கடற்கரை. வெள்ளிக்குள் வேண்டும்."
அகத்தின் அழகு முகத்தில் தெரியுமாம்.
முகம் வரைகிறவருக்கு
அகத்தில் இரண்டு வரிதான் அனுமதி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மூக்குப் பிடியை மட்டும்
கொஞ்சம் இறுக்கிவிட்டேன்.

ஞாயிறு, நர்வாஹா தெருச் சந்தை.
கோழிக்குஞ்சு, துருப்பிடித்த குழாய், ஒற்றைச் செருப்பு,
நடுவே தார்ப்பாயில் வில்மாரின் புத்தகங்கள்.
நாலு வருடத்துக்கு முன்
ஐம்பது பெசோவுக்கு அங்கே கிடைத்தது அது.
அட்டை இல்லை. தலைப்புப் பக்கம் இல்லை.
எடுத்த எடுப்பில் ஒன்பதாம் பக்கம்:
ஒரு பெண் கதவைத் திறக்கிறாள்.
ஐந்து முறை படித்துவிட்டேன்.
அவளுக்கு என் பல்மருத்துவரின் நீளக் கழுத்தைக் கொடுத்தேன்.
மழை நாளில் படித்தால் பழுப்புக் கோட்டு,
வெயிலில் படித்தால் வெறுங்கால்.
என்ன படிக்கிறாய் என்று பேருந்தில் கேட்பவர்களிடம்
தெரியாது என்பேன்.
திமிர் என்று நினைத்து
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

போன ஞாயிறு வில்மார் கூப்பிட்டார்.
"உனக்கென்று எடுத்து வைத்தேன். முழுசு. அட்டையோடு."
ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார். அதே கதவு.
பிறகு மூடினார்.
கடற்கரை. சாயங்காலம். முதுகு.
தலையில் சிவப்புத் தொப்பி.
நாவலில் கடலே கிடையாது, வில்மார்.
தொப்பி போட்டவர் ஒரே ஒரு தபால்காரர்,
அவரும் நூற்றிருபதாம் பக்கத்தில் கழற்றிவிடுகிறார்.
காசு வேண்டாம் என்றார்.
புத்தகமும் வேண்டாம் என்றேன்.
தலைப்பைக் கட்டைவிரலால் மறைத்துத்
திருப்பிக் கொடுத்தேன்.
அவர் முகம் விழுந்துவிட்டது.
ஒரு மாத்தே ஊற்றிக் கொடுத்தேன், குடித்தார்,
ரொம்பக் கசப்பு என்றார்.

திங்கள் காலை, பேருந்தில்,
என் மொட்டைப் புத்தகத்தைத் திறந்தேன்.
கதவு இருந்தது.
பல்மருத்துவரின் கழுத்து இருந்தது.
அதற்கு மேலே
சிவப்புத் தொப்பி.
கழற்றேன் என்று கேட்டுப் பார்க்கிறேன்.
என் நிறுத்தம் தாண்டிப் போகிறது.
அவள் காதில் விழாததுபோல்
கதவைத் திறக்கிறாள்.